பாதையின் பற்சில்லும் நான் வைத்த பொட்டும்

அண்ணனின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது. இப்படியான மலர்களில் போனவரின் நற்குணங்களைச் சொல்லி, உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பதுதான் வழக்கம். நானும் அதைச் செய்வேன். ஆனால் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் என்ன எழுதினாலும் அது அரைப்பொய்யாகத்தான் இருக்கும். இலை போட்டாயிற்று என்று யாராவது கூப்பிட்டால் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

அண்ணன் பிறந்தது மாங்கேணியில், அம்மாவின் வீட்டில். ஆறு வருடம் கழித்து நானும் அங்கேயே பிறந்தேன். எனக்கு ஒரு வயது நிரம்புவதற்குள் அம்மா காய்ச்சலில் காலமானார். அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தன்னுடைய ஊரான ஆரையம்பதிக்கே திரும்பிவிட்டார். இன்னொரு கல்யாணம் செய்யச் சொல்லிப் பெரியப்பா எவ்வளவோ வற்புறுத்தியும் அப்பா கேட்கவில்லை. அப்பா வயலுக்குப் போய்விடுவார். எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது அண்ணன்தான். இரண்டு பின்னலும் ஒரே நீளத்துக்கு வராவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடியும் பின்னுவார். பள்ளிக்கூட மணி அடித்தாலும் விடமாட்டார். பிந்திப் போய் ஆசிரியரிடம் ஏச்சு வாங்குவது நான்தான்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலோடு சேரும் நீண்ட ஏரியான எங்கள் வாவிக்குக் கிழக்கே, நாங்கள் இருப்பது எழுவான்கரை. மேற்கே படுவான்கரை. எங்கள் அப்பாவின் வட்டை, அதாவது எங்கள் நெற்காணி இருந்த வயல்வெளி, படுவான்கரையில் கிடந்தது. இரண்டு கரைக்கும் நடுவே ஆட்களையும் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய மிதவைக்குத்தான் நாங்கள் 'பாதை' என்று பெயர் சொல்வோம். முன்பு அதைக் கம்பு ஊன்றித் தள்ளினார்கள். பிறகு பழைய உழவு இயந்திரத்தின் எஞ்சின் ஒன்றைப் பூட்டினார்கள்.

அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தெற்கே ஓர் ஆலையின் இயந்திரப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். நாட்டில் கலவரம் வந்தபோது உடுத்த உடுப்போடு ஊருக்கு ஓடிவந்தார். அப்பா ஒரு துண்டுக் காணியை விற்று அவருக்கு இரும்பு கடையும் பழைய லேத்து இயந்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரதான வீதியோரம், எங்கள் வீட்டு முற்றத்திலேயே பட்டறை வந்தது. சண்டை தொடங்கி மின்சாரம் நின்றபிறகு நீர் இறைக்கும் எஞ்சினைப் பட்டியால் கொழுவி லேத்தை ஓட்டினார். உதிரிப்பாகம் எதுவும் கொழும்பிலிருந்து வராத காலம். அரிசி ஆலை, நீர்ப்பம்பி, உழவு இயந்திரம், எதில் எது உடைந்தாலும் அண்ணனிடம்தான் வரும். இரும்பு கொண்டுவந்து தந்தவர் காத்தான்குடிப் பழைய இரும்பு வியாபாரி சலீம் காக்கா (முஸ்லிம்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்). எங்கள் தமிழ் ஊருக்கும் அவருடைய முஸ்லிம் ஊருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த மாதங்களில்கூட அவர் யாரையாவது பிடித்து லொறி அச்சுத் துண்டுகளை அனுப்பிவைத்தார்.

அண்ணனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பற்சில்லு, அதாவது பல் வெட்டிய இரும்புச் சக்கரம். சில்லு வெட்டிக்கொடுக்க வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் வெட்டிய பிறகு அண்ணன் செய்த வேலையை அவர்கள் யாரும் செய்யவில்லை. கணக்குப்படி அச்சொட்டாக வெட்டிய பல்லை அவர் மறுபடி எடுத்து, நுனியில் கொஞ்சம், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் அரத்தால் தேய்ப்பார். தேய்ப்பது என்றால் தலைமயிரின் தடிப்பில் கால்வாசி. வெட்டி முடித்ததை ஏன் மறுபடி கெடுக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன்.

"வேலையில்லாம நிக்கிற சில்லுக்குத்தான் கணக்குச் சரி, புள்ள. பாரம் ஏறினாப் பல்லு வளையும். வளைஞ்சா அடுத்த பல்லு நேரத்துக்கு முந்தி வந்து முட்டும். அந்தச் சத்தத்தத்தான் ஆலையில கேக்குற. நுனியில கொஞ்சம் இடம் விட்டா முட்டாது."

"ஓரத்த ஏன் தேய்க்கிறீங்க?"

"அச்சுக்கம்பியும் வளையும்தானே. வளைஞ்சாப் பாரமெல்லாம் பல்லுட ஒரு கரையில போய்க் குந்தும். கரைதான் முதல்ல உடையும். நடுவுல கொஞ்சம் வயிறு வெச்சு விட்டா எந்தப் பக்கம் சரிஞ்சாலும் நடுப்பல்லுலதான் தாங்கும்."

பல் எந்த இடத்தில் படுகிறது என்று பார்ப்பதற்கு ஒரு சில்லில் நீல மை பூசி, மற்றச் சில்லோடு சேர்த்துச் சுற்றி, மை ஒட்டிய இடத்தைப் பார்ப்பார்கள். அந்த நீல மையும் வராமல் நின்றது. அப்போது நான் கண்ணுக்கு மை போடாமல் வேலிப் படலையைத் தாண்டாத ஆள். ஆமணக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்து, அதே எண்ணெயில் குழைத்து நானே செய்வேன். ஒருநாள் அண்ணன் என் மைச்சிமிழை எடுத்துப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து பல்லுக்கு மை பூசுவது என் வேலையாயிற்று. தடிப்பாகப் பூசினால் பொய் சொல்லும். மெல்லிசாகப் பூச வேண்டும். அது எனக்குக் கைவந்தது. அண்ணனும் நானும் அந்த முற்றத்தில் இருந்து பல்லுப் பார்த்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். அதை நான் கலியாணம் முடித்த மனிதரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை.

சண்டை உக்கிரமாக இருந்த ஒரு வருடத்தில், மாரி மழைக்குச் சற்று முன், எஞ்சினின் ஓட்டத்தைக் கடத்தும் சில்லுகள் இருக்கும் பாதையின் பற்பெட்டி உடைந்தது. பாதையை நடத்திய மயில்வாகனத்தார் உடைந்த இரண்டு சில்லையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். பாலத்தால் சுற்றிப் போவதென்றால் எத்தனையோ சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து அரை நாள் எடுக்கும். சில நாள் வழியே இருக்காது. படுவான்கரைச் சனத்துக்கு ஆசுப்பத்திரியும் சந்தையும் இந்தப் பாதையால்தான்.

"தம்பி, நீ செஞ்சு தந்தாத்தான் உண்டு. வேற ஆரிட்டயும் போகேலா" என்றார்.

அண்ணன் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அந்த இரண்டு சில்லோடு கிடந்தார். சின்னதில் பதினான்கு பல், பெரியதில் நாற்பத்திரண்டு. பெட்டி தேய்ந்து கோணலாகிப் போயிருந்தது. பாதைக்குப் போய் அந்தக் கோணலை அளந்து வந்து, அதே கோணலில் ஓர் இரும்புச் சட்டம் செய்து, அதில் சில்லுகளைப் பூட்டிச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கையால் வெட்டிய பல் என்பதால் ஒன்றுக்கொன்று மயிரளவு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தை எந்தப் பல்லோடு எந்தப் பல் சேருகிறதோ அதற்கேற்றபடி தேய்த்து எடுத்தார்.

"பாரு, பதினாலு மும்மூண்டு நாப்பத்திரெண்டு" என்று விரலால் தொட்டுக் காட்டினார். "இந்தச் சின்னப் பல்லுக்கு இந்த மூண்டு பல்லுதான் சோடி. வாழ்நாள் முழுக்க இந்த மூண்டத்தான் கடிக்கும். அதுக்குத் தக்கதாத்தான் தேச்சிரிக்கன். இடம் மாறிப் பூட்டினா எல்லாம் பிழைச்சிரும்."

வேலை முடிந்த அன்று பின்னேரம் அப்பா வயலிலிருந்து வந்து சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணன் கைப்பிடியைச் சுற்றினார். அப்பா குனிந்து காதைக் கொடுத்துவிட்டு, "மகன், இது ஓடுதா நிக்குதா?" என்று கேட்டார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

அடுத்த நாள் ஆயுத பூசை. பட்டறைச் சாமான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சாமிப்படத்துக்கு முன்னால் அடுக்குவது ஒவ்வொரு வருடமும் என் பொறுப்பு. நான் அந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தவள், இன்றும் அப்படித்தான். அன்று பகலே சுத்தியல், அரம், சென்டர் பஞ்ச் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவிட்டேன். சென்டர் பஞ்ச் என்பது இரும்பில் புள்ளி குத்தும் சிறிய உளி. சேரவேண்டிய பற்களில் அதால் குறி குத்திவிடுவது அண்ணனின் வழக்கம். சின்னச் சில்லின் ஒரு பல்லில் ஒரு புள்ளி. பெரிய சில்லில் அந்தப் பல் போய் இறங்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. குறியைக் குறியோடு சேர்த்துப் பூட்டினால் எல்லாப் பல்லும் தன் தன் சோடியோடு சேரும்.

"பஞ்சையும் சுத்தியலையும் தா, குத்தி விடுவம்" என்றார் அண்ணன்.

"சாமிக்கு வெச்சத எடுக்கேலா. நாளையிண்டைக்குக் காலையில எடுங்க."

"ஒரு நிமிசம் புள்ள."

"ஏலாதெண்டா ஏலா."

அவர் என்னோடு வாதாடவில்லை. என் மைச்சிமிழைத் திறந்து, விரல் நுனியால் பற்களின் பக்கவாட்டில் மூன்று இடத்தில் மைப்புள்ளி வைத்து, சில்லுகளைச் சட்டத்திலிருந்து கழற்றினார். "அப்ப இந்த ரெண்டு சில்லையும் தொடாத. இப்படியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் தொட்டேன். அடுத்த நாள் காலையில் சாமிப்படத்தடியில் எல்லாச் சாமானும் பளபளவென்று இருக்க, அந்தச் சில்லுகள் மட்டும் பல்லெல்லாம் மையோடு கரேலென்று கிடந்தன. மூன்று கிழமையாக நானே பூசிய மை. அழுக்கோடு சாமிக்கு முன்னால் வைப்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு போத்தல் மண்ணெண்ணெயைத் தாச்சிச் சட்டியில் ஊற்றி இரண்டையும் கழுவினேன். துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மூன்று புள்ளிகள் நினைவுக்கு வந்தன.

பெரிய சில்லு பழைய இரும்பில் வெட்டியது, அதில் ஒரு வடு இருந்தது. புள்ளிகள் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தன. அது எனக்கு நன்றாகத் தெரியும். சின்னச் சில்லு புது இரும்பு. சுற்றிலும் ஒரே மாதிரி. எந்தப் பல் என்று எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு இடத்தில் ஒன்றுதான் சரியான இடம். மையைப் பூசிப் பூசிப் பார்த்தால் அரை நாளில் கண்டுபிடித்திருப்பார். சொல்லவில்லை. தொடாதே என்று அவர் சொன்னது ஒரு பக்கம், முதல் நாள் சாமி, பூசை என்று நான் வாய் காட்டியது ஒரு பக்கம். சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்தேன். எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைப்பதுபோல, பெரிய சில்லில் இரண்டு பொட்டு வைத்தேன். சின்னதில், இதாகத்தான் இருக்கும் என்று மனதில் பட்ட பல்லில் ஒரு பொட்டு வைத்தேன்.

பூசைக்கு அடுத்த நாள் காலை மயில்வாகனத்தார் ஓடிவந்தார். பாதையைத் திறந்து வேலை செய்ய இராணுவக் காம்பில் இரண்டு மணித்தியாலம் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டால் எப்போது என்று தெரியாது. அண்ணன் சில்லைக் கையில் எடுத்தார். நின்றார்.

"மை எங்க?"

"பூசைக்குக் கழுவினன், அண்ணன்."

"தொடாத எண்டு சொன்னன்தானே?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "பொட்டு அதே இடத்திலதானே வெச்ச?"

"ஓம் அண்ணன். அதே இடத்திலதான்."

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. சாமிப்படத்தடியிலிருந்து பஞ்சையும் சுத்தியலையும் எடுத்து, நான் வைத்த மூன்று பொட்டிலும் மூன்று அடி அடித்தார். என் பொய்யை அண்ணனின் கை இரும்பில் குத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பாதை ஓடியது. ஆனால் முதல் ஓட்டத்திலேயே பெட்டிக்குள் ஓர் உறுமல் கேட்டதாம். அண்ணன் முகம் கறுத்து வீட்டுக்கு வந்தார். "அளவுக்குக் கூடத் தேச்சிட்டன் போல" என்றார். பெட்டியைத் திறந்து பார்க்க மறுபடி அனுமதி கேட்டுப் போனார், கிடைக்கவில்லை. மயில்வாகனத்தாரும், ஓடுகிற பாதையை ஏன் நிறுத்த வேண்டும் என்றார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அண்ணன் துறையில் போய் நின்று அந்த உறுமலைக் கேட்டுவிட்டு வருவார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருநாள் கோபித்திருப்பார், அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்து எழுதும்போது அது எவ்வளவு சின்னக் கோபம் என்று தெரிகிறது. அன்று அது மலையாகத் தெரிந்தது.

மூன்றாவது கிழமை. அப்பா படுவான்கரை வயலில் விதைப்புக்கு வரம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். நான் சோறு கொண்டு போயிருந்தேன். வரம்புப் புல்லுக்குள் கிடந்த புடையன் பாம்பு அப்பாவின் கணுக்காலில் கொத்தியது. பக்கத்து வயல்காரர்கள் அவரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளித் துறைக்குக் கொண்டுவந்து பாதையில் ஏற்றினார்கள். பாயில் கிடத்தித் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அக்கரைக்குப் போனால் ஊர்தி பிடித்து ஆசுப்பத்திரிக்குப் போய்விடலாம். மழைக்கு வாவி நிறைந்து கிடந்தது. நடு வாவியில், ஒரு முறிவுச் சத்தம். எஞ்சின் வெறுமனே கத்தியது. பாதை நின்றது.

கம்பு ஊன்றிப் பார்த்தார்கள், நிலம் எட்டவில்லை. காற்று எங்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. வாவிக்குள் தோணி இறக்க இராணுவம் தடை போட்டிருந்த காலம். கரையில் நின்றவர்களுக்கு நாங்கள் கையசைப்பது தெரிந்தது. ஆனால் யாருக்கும் தோணியை இறக்கத் துணிவு வரவில்லை. அப்பாவுக்கு அப்போது நல்ல நினைவிருந்தது.

"என்ன புள்ள நிண்டிட்டு?"

"பல்லு உடைஞ்சிட்டாம், அப்பா."

அப்பா தலையை எஞ்சின் பக்கம் திருப்பினார். "அவன் செஞ்சது உடையாதே" என்றார்.

அதைத்தான் அவர் கடைசியாகத் தெளிவாகச் சொன்னார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று, வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு தோணி எங்களிடம் வந்து சேர. ஆசுப்பத்திரி வாசலில் அப்பாவை இறக்கும்போது உயிர் இல்லை. நேரத்துக்கு வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்று வைத்தியர் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ வருடம் ஓட்டியிருக்கிறேன்.

செத்தவீட்டில் எல்லாருக்கும் முன்னால் பெரியப்பா சொன்னதை இங்கே இருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "பல்லத் தேச்சுத் தேச்சு, பெத்த அப்பனக் கொண்டு போட்டான்." பெரியப்பா தம்பியைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் பேசியது அது. அவரும் இன்று இல்லை. அவர் மீது எனக்குக் கோபமும் இல்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். அன்றிலிருந்து நம் சொந்தத்துக்குள் அது ஒரு கதையாகிவிட்டது. கலியாண வீடுகளில்கூட யாராவது தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பது என் காதில் விழுந்திருக்கிறது.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகு அண்ணன் என்னிடம் இன்னொரு முறை கேட்டார். பாதையிலிருந்து கழற்றி வந்த சில்லுகள் அவருடைய மடியில் இருந்தன. சின்னதில் ஒரு பல் அடியோடு போயிருந்தது.

"தங்கச்சி, பொட்டு சரியான இடந்தானே?"

அப்பா செத்துப்போன பிறகு அந்தக் கேள்விக்கு நான் எப்படி வேறு பதில் சொல்வேன்? "ஓம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அண்ணன் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். தன்னாமுனையிலிருந்து அண்ணியைக் கைப்பிடித்தார். பிள்ளைகள் இல்லை என்ற குறையை இருவரும் வெளியில் காட்டியதில்லை. என் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அவர்தான் எல்லாம். அவர்களுக்கும் பின்னல் ஒரே நீளத்தில் வரும்வரை விடமாட்டார். சுனாமிக் கடல்கோளுக்குப் பிறகு கூலி வாங்காமல் எத்தனை மீனவர்களின் எஞ்சினைக் கழுவி ஓட வைத்தார் என்பதை அந்த வீடுகளில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அப்பாவுக்குப் பிறகு அவர் எந்தப் பல்லின் நுனியையும் தேய்க்கவில்லை. கணக்குப்படி வெட்டி, கொஞ்சம் தடிப்பாகவே விட்டு, அப்படியே கொடுத்துவிடுவார். அவை உடையவில்லை. ஆனால் கத்தின. அரிசி ஆலையில் சத்தத்தை வைத்தே இது அண்ணனின் சில்லு என்று சொல்லலாம் என்றாயிற்று.

"என்ன தம்பி, முந்தி ஒங்கட சில்லு பேசவே பேசாது. இப்ப ஊரக் கூட்டுதே" என்று சலீம் காக்கா ஒருநாள் கேட்டார்.

"பேசட்டும் காக்கா. ஆக்களக் கொல்லாட்டிச் சரி" என்றார் அண்ணன்.

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மை பூசச் சொல்லி அவர் என்னைக் கூப்பிடுவதும் நின்றுபோயிருந்தது. நானும் கண்ணுக்கு மை போடுவதை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கண் எரிகிறது என்றேன்.

நீரிழிவு அண்ணனின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கடைசி மூன்று கிழமை ஆசுப்பத்திரியில் கிடந்தார். கட்டிலுக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்து, "இதுட பேரிங் போகப் போகுது, தாதியிட்டச் சொல்லு" என்றார். இரண்டு நாளில் அது நின்றது, வார்டே சிரித்தது. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். போனால் கஞ்சி கொடுப்பேன், காலைப் பிடித்துவிடுவேன், திரும்பி வருவேன். நோயாளியின் மனத்தைக் கலக்கக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். ஒரு செவ்வாய்க்கிழமை நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது அண்ணனின் உயிர் பிரிந்தது. இனிச் சொல்வதற்கு அவர் இல்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் முடிந்ததும் பட்டறையை ஒதுக்கினோம். லேத்துக்கு அடியில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. கிறீஸ் தடவி, பொலித்தீனில் சுற்றி, அந்த இரண்டு சில்லும் உள்ளே. கூட ஒரு கொப்பி. ஒவ்வொரு பல்லையும் நுண்மானியால் அளந்து எழுதியிருந்தார். பக்கம் பக்கமாக, ஒவ்வொரு வருடமும் புதிதாக. எந்தப் பல்லில் கூடத் தேய்த்தேன் என்று அவர் தேடியிருக்கிறார். அந்தச் சட்டத்தையும் வைத்திருந்தார். குறி இருந்ததால், குறியோடு குறி சேர்த்துத்தான் ஒவ்வொரு முறையும் பூட்டிப் பார்த்திருப்பார். இடத்தை மாற்றிப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. தங்கை இரண்டு முறை ஓம் என்று சொல்லியிருந்தாள்.

நான் ஆமணக்கெண்ணெய் விளக்கேற்றி மை பிடித்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் கைக்கு மறக்கவில்லை. சட்டத்தில் சில்லுகளைப் பூட்டி, முதலில் அண்ணன் குத்திய குறியிலேயே வைத்துச் சுற்றினேன். மை சில பல்லில் நுனியிலும், சில பல்லில் ஓரத்திலும், கண்டபடி ஒட்டியது, சிலவற்றில் ஒட்டவேயில்லை. துடைத்துவிட்டு ஒரு பல் தள்ளிப் பூட்டினேன். மறுபடி துடைத்து, இன்னொரு பல் தள்ளினேன். சுற்றும்போதே தெரிந்துவிட்டது. கைக்கு ஒன்றும் தடக்கவில்லை. கழற்றிப் பார்த்தேன். மிச்சமிருந்த பதின்மூன்று பல்லிலும், ஒவ்வொன்றிலும், மை நடுவில் நீள்வட்டமாக இருந்தது. நுனியில் இல்லை, ஓரத்தில் இல்லை. அந்தக் காலத்தில் இதைத்தான் அண்ணன் எனக்குக் காட்டி, "இப்பிடி வந்தாச் சரி" என்பார். அரை நாள் வேலை என்று நான் பயந்தது அரை மணித்தியாலத்தில் முடிந்தது. இரண்டே இரண்டு பல் தள்ளி நான் பொட்டு வைத்திருக்கிறேன். பட்டறை நிலத்தில் இருந்து நான் அழுத அழுகை அண்ணிக்குக் கேட்டு அவர் ஓடிவந்தார்.

எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். அண்ணி அந்தக் கொப்பியை எடுத்துப் புரட்டினார்.

"நித்திரையிலயும் அவர்ட விரல் ஆடும்" என்றார் பிறகு. "ஒண்டு, ரெண்டு எண்டு பெருவிரலால தொட்டுத் தொட்டு எண்ணுவார். என்ன எண்ணுறீங்க எண்டு கேட்டாச் சொல்ல மாட்டார்."

நான் அண்ணியின் காலைப் பிடித்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டார்.

"எனக்கிட்ட மட்டும் சொல்லிப்போட்டு இறக்கி வெக்கலாமெண்டு நினைக்காத. அவரப் பத்திக் கதைச்சது நானில்ல, இந்தச் சொந்தம் முழுக்க. எல்லாருக்கும் தெரியட்டும். எழுது. எழுதி அச்சடி."

அதனால்தான் எழுதினேன். அண்ணி என்னை மன்னித்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னோடு பேசுகிறார், அது எனக்குப் போதும்.

அண்ணனின் நோயில் பக்கத்தில் நின்று பார்த்த தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்த அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும், கடைசிக் கிரியைகளைத் தங்கள் வீட்டுக் காரியமாக எடுத்துச் செய்த பெரியப்பாவின் பிள்ளைகளுக்கும், வயது முதிர்ந்த நிலையிலும் காத்தான்குடியிலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுக்க நின்ற சலீம் காக்காவுக்கும், அன்று வெள்ளைத் துணி கட்டி வாவிக்குள் தோணி இறக்கியவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. தோணிக்காரரின் பெயரைக்கூட அன்று கேட்க மறந்துவிட்டோம். இதைப் படிக்கும் யாருக்காவது அவரைத் தெரிந்தால் சொல்லுங்கள்.

முன்விறாந்தையில் அண்ணனின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அந்தச் சட்டத்தை வைத்திருக்கிறேன். அவருடைய பஞ்சையும் சுத்தியலையும் எடுத்துச் சரியான பல்லில் நானே புள்ளி குத்தியிருக்கிறேன். பழைய புள்ளியையும் அழிக்கவில்லை. கைகழுவிவிட்டு வரும்போது ஒவ்வொருவரும் ஒருமுறை அந்தக் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். காதைக் கிட்டக் கொடுங்கள். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. என் அண்ணன் செய்த வேலை அது. உடைந்த பல் வரும் இடத்தில் மட்டும் ஒரு தட்டுக் கேட்கும். அது நான் செய்தது.